மெயினை அமத்திருங்க

நாலு நாளாக எங்கள் தெருவில் யாரும் யாரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. "வந்துட்டா?" என்றுதான் கேட்டார்கள். என்ன வந்துவிட்டதா என்று திருப்பிக் கேட்கிறவர் ஒருவரும் இல்லை. எங்கேயோ ஒரு பல்பு எரிந்ததைக் கண்டதாக யாராவது சொன்னால் போதும், "வந்துட்டு, வந்துட்டு" என்று தெரு முழுக்கச் சத்தம் ஓடும். வீட்டுக்கு வீடு மெயின் சுவிட்சை மேலே தூக்கிப் போட்டுப் பார்ப்போம். ஒன்றும் இருக்காது. பிறகு உட்கார்ந்து மின்வாரியத்தைத் திட்டுவோம். அதிகம் திட்டியது நான்தான். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

என் பெயர் சித்ரலேகா. அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குப் பொறுமை குறைவு என்பது கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிந்த விஷயம். புயலும் மழையுமாக ஒரு ராத்திரி அடித்த அடியில் தாமிரபரணி எங்கள் தெருமுனை வரை வந்துவிட்டுப் போனது. ஆறு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. ஆனால் வயலுக்குள் நின்ற மின்கம்பங்கள் எல்லாம் சேற்றில் படுத்துக் கிடந்தன.

மற்றவர்களுக்குக் கரண்ட் என்றால் ஃபேன், தண்ணீர் மோட்டார், போன் சார்ஜ். எனக்கு அது என் வீட்டுக்காரருடைய மூச்சு. கொரோனாவுக்குப் பிறகு அவருடைய நுரையீரல் பழையபடி ஆகவில்லை. தாலுகா ஆபீசில் மூன்று மாடி ஏறி இறங்கின சிவசண்முகம் இப்போது கட்டிலில் இருந்து ஜன்னலுக்கு வந்தாலே இளைப்பார். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். அது ஓடவேண்டுமானால் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் சமாளிக்க ஒரே ஒரு சிலிண்டர் வைத்திருந்தோம்.

இரண்டாம் நாள் என்னைக் காப்பாற்றியது பின்வீட்டு செந்தூர்பாண்டி. அவன் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறான். மைக் செட், சீரியல் பல்பு, ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. ஒவ்வொரு கோயில் கொடைத் திருவிழாவுக்கும் நான் அவனிடம் போய், "ஸ்பீக்கரை அமத்து, பிள்ளைகளுக்குப் பரீட்சை" என்று சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவை போலீசுக்கும் போன் செய்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் நான் கேட்காமலே ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து என் வீட்டுக் கொல்லையில் நிறுத்தினான்.

"டீச்சர், மெஷினுக்கு மட்டும் தனியா ஒரு வயர் இழுத்துத் தாறேன். அதுதான் நல்லது" என்றான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஃபேன் இல்லாம அவுக எப்பிடிப் படுப்பாவ? எதுத்த வீட்டு ஷரீபா பீவி இன்சுலினை என் ஃபிரிட்ஜ்லதான் கொண்டு வச்சிருக்கா. வீட்டுக்கே குடு" என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு வயரின் இரண்டு முனையிலும் பிளக் பின் மாட்டி, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையை அடுக்களை பிளக்கிலும் சொருகினான். வீடு முழுக்க ஃபேன் சுற்றியது.

"ஒண்ணு மட்டும் மறந்துராதிய. இது ஓடுத வர மெயினை அமத்தியே வச்சிருக்கணும். மெயின் தூக்கிக் கெடந்தா இந்தக் கரண்டு வெளிய போஸ்ட்டுக்குப் போயிரும். அங்கன எவனாவது லைன்ல கை வச்சிருந்தான்னா கரிக்கட்டதான்."

"எனக்கே பாடம் நடத்துதியா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெட்ரோல் தீர்ந்தது. பங்க்கிலும் கரண்ட் இல்லாததால் பெட்ரோல் கிடைக்கவில்லை. இவருக்குச் சிலிண்டரை மாட்டினேன். விளக்கு வைக்கிற நேரத்தில் மேற்கே இருந்து "வந்துட்டு" என்று சத்தம் வந்தது. ஜெனரேட்டர்தான் ஓடவில்லையே என்று நானும் போய் மெயினைத் தூக்கினேன். வழக்கம் போல் ஒன்றும் இல்லை. மெயினை அப்படியே விட்டுவிட்டு, திட்டுவதற்கு ஆள் தேடிப் போனேன்.

நான் திட்டுவதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். எங்கள் பகுதி வயர்மேன் செல்வமணி. நாலு நாளில் அவனுக்கு நான் எத்தனை தடவை போன் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதலில் எடுத்துப் பதில் சொன்னான். பிறகு எடுத்து, "வாறோம் டீச்சர்" என்று மட்டும் சொன்னான். பிறகு எடுக்கவில்லை.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு லாரி எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. புதுக் கம்பங்கள், கம்பிச் சுருள்கள், மேலே பத்துப் பன்னிரண்டு ஆட்கள். எல்லோரும் ஈரோட்டுப் பக்கத்தில் இருந்து உதவிக்கு வந்தவர்கள் என்றார்கள். முன்னால் செல்வமணி நடந்து வந்தான். முழங்கால் வரை சேறு. கண் இரண்டும் சிவந்து கிடந்தது. நான் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? மனுஷன் மூச்சுக்குத் தவிச்சிட்டுக் கெடக்காரு. செத்த பெறகு வந்து பந்தலுக்கு லைட் போடலாம்னு இருந்தியாக்கும்?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நேரே கம்பத்துப் பக்கம் போனான்.

ஷரீபா பீவி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "ஏன்க்கா அந்தப் பிள்ளைய வையுதிய? அவன் வீடு ஆத்துக்குக் கீழ்ப்பக்கம்லா. வீட்டுக்குள்ள இன்னும் சகதி. பொண்டாட்டி பிள்ளையள் எல்லாம் பள்ளிக்கூடத்துல கெடக்கு. நாலு நாளா அவன் அங்கன போகவே இல்லையாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயை விட்டபிறகு என்ன செய்ய? மாடிக்குப் போனேன். வெள்ளத்துக்குப் பயந்து இவரை முதல் நாளே மாடி அறைக்கு மாற்றியிருந்தோம். சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

கீழே செல்வமணி தெருவுக்கு நடுவில் நின்று சத்தம் கொடுத்தான். "ஆபீஸ்ல லைன் கிளியர் வாங்கியாச்சு, லைன்ல கரண்டு விட மாட்டாவ. நான் போஸ்ட்ல ஏறப் போறேன். எல்லா வீட்டுலயும் மெயினை அமத்துங்க. ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் ஒண்ணும் ஓடக் கூடாது. அரை மணி நேரம் வேல. நான் எறங்கி வந்து சொல்லுத வர ஒருத்தரும் ஒண்ணையும் தொடக் கூடாது."

அப்போதுதான் செந்தூர்பாண்டி கல்லிடைக்குறிச்சி வரை போய் இரண்டு பாட்டிலில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு வந்து கொல்லையில் நின்றான். அரை மணி நேரம்தானே, அதுவரை சிலிண்டர் தாங்கும் என்று நினைத்துக்கொண்டேன். மெயின் தூக்கிக் கிடப்பது நினைவுக்கு வந்தது. இறங்கிப் போகலாம் என்று எழுந்தால், இவர் குழாய் விலகி இருமிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். லாரியில் வந்த ஆட்களில் ஒருவர் எங்கள் கேட்டருகே நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். நாற்பது வயது இருக்கும், தலையில் துண்டு, கையில் கடப்பாரை. குழி தோண்ட வந்தவர் போல. பின்னால்தான் பெயர் சென்னியப்பன் என்று தெரிந்தது.

"வராந்தாவுல குடம் இருக்கு, எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்றேன். "அப்படியே அந்தச் செவத்துப் பெட்டிக்குள்ள மெயின் இருக்கு. அதை அமத்திருங்க."

"செரிங்க்கா" என்றார்.

கீழே பெட்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்துக் கதவை மூடும் சத்தம். அவர் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். ஒரு வேலை முடிந்தது என்று இவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அரை மணி நேரம் ஆனது. செல்வமணி இறங்கவில்லை. கம்பத்து உச்சியில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் ஒன்று உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று கீழே பேசிக்கொண்டார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஃபேன் ஓடாத அறையில் இவர் சட்டை நனைந்துவிட்டது. ஷரீபா பீவி ஒரு பழைய காலண்டர் அட்டையை வைத்து விசிறினாள். நான் அவர் விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தெட்டு. எண்பத்தாறு. சிலிண்டர் முள் சிவப்பைத் தாண்டிவிட்டது.

ஜன்னலுக்குப் போனேன். செல்வமணி மேலேதான் இருந்தான். கட்டிலுக்கு வந்தேன். எண்பத்தைந்து. மறுபடியும் ஜன்னலுக்குப் போனேன். இப்படி எத்தனை நடை நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. இவர் கையைக் காட்டி, உட்காரு என்றார். என்னால் உட்கார முடியவில்லை. இவர் உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது.

எண்பத்திமூன்று என்று காட்டியபோது நான் படி இறங்கிவிட்டேன்.

கொல்லையில் செந்தூர்பாண்டி ஜெனரேட்டர் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். பெட்ரோல் ஊற்றித் தயாராக வைத்திருந்தான்.

"ஜெனரேட்டரைப் போடு" என்றேன்.

"செல்வமணி மேல நிக்கான் டீச்சர்."

"நிக்கட்டும். மெயினைத்தான் அமத்தியாச்சே. என் வீட்டுக்குள்ள ஓடுத கரண்டு அவனுக்கு எப்பிடிப் போகும்? நீதான சொன்ன?"

"நீங்க பாத்தியளா?"

"அந்த ஆளு அமத்துனாரு. நான் சொல்லித்தான் அமத்துனாரு. எண்பத்திமூணுல கெடக்கு, ஒனக்குப் புரியுதா? போடுதியா, இல்ல நானே இழுக்கட்டுமா?"

அவன் என்னையே பார்த்தான். பார்த்தீர்களா என்று இரண்டாவது தடவை கேட்க அவனுக்கு வாய் வரை வந்தது, கேட்கவில்லை. என் வாய் அப்படிப்பட்ட வாய். எழுந்து ஜெனரேட்டரைக் கிளப்புகிற கயிற்றைப் பிடித்தான்.

நான் திரும்பி வீட்டுக்குள் ஓடினேன். மாடிப்படி வராந்தாவில் இருக்கிறது. படிக்குப் பக்கத்தில்தான் அந்தப் பெட்டி. அதைத் திறந்து பார்க்க ஒரு விரல் போதும். நான் திறக்கவில்லை. கொல்லையில் முதல் இழுப்பு. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.

முதல் படியில் கால் வைக்கும்போது சென்னியப்பன் காலிக் குடத்தோடு வராந்தாவுக்குள் வந்தார்.

"தண்ணி நல்லா இருந்துதுங்க்கா" என்றார். நான் நிற்காமல் தலையை ஆட்டினேன். அவர் மரியாதைக்காக இன்னும் ஒரு வார்த்தை பேசினார். "நீங்க அமுத்தச் சொன்னீங்களே, அதுவும் பாத்துட்டேனுங். மேலதான் இருந்துச்சு. லூசா இருக்கும்போலன்னு இன்னுங் கெட்டியா அமுத்தி உட்டுட்டேனுங்."

கொல்லையில் இரண்டாவது இழுப்பு.

"என்ன செஞ்சீங்க?"

"அமுத்தி உட்டேனுங். நல்லா மேல தள்ளி" என்று உள்ளங்கையால் காற்றில் அழுத்திக் காட்டினார்.

முதல் படியில் வைத்த காலை எடுத்தேன். பிறந்த நாளில் இருந்து நான் விளக்கை அமத்தியிருக்கிறேன், அடுப்பை அமத்தியிருக்கிறேன், செந்தூர்பாண்டி ஸ்பீக்கரை அமத்தச் சொல்லியிருக்கிறேன். அமத்து என்றால் அணை என்று இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஈரோட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அது அமுத்து. அவர் ஊரில் காலை அமுத்துவார்கள், கையை அமுத்துவார்கள். நான் சொன்னதைத்தான் அவர் செய்திருக்கிறார்.

"செந்தூர்பாண்டி, போடாத" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வராந்தா, முன்னறை, அடுக்களை. என் வீடு அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் முதுகைக் காட்டி நின்றான். கயிற்றை மூன்றாவது தடவையாகக் கையில் சுற்றி, தோளைப் பின்னால் கொண்டுபோய்விட்டான். நான் போய் அவன் கையின் மேலேயே விழுந்தேன். இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்தோம். கயிறு என் உள்ளங்கையை அறுத்துவிட்டிருந்தது.

"மெயின் தூக்கித்தான் கெடக்கு" என்றேன்.

செந்தூர்பாண்டி கயிற்றைக் கையில் இருந்து உருவிப் போட்டான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். எழுந்து நேரே அடுக்களைக்குப் போய் அந்த இரண்டு முனை வயரைப் பிளக்கில் இருந்து பிடுங்கி எறிந்தான். பிறகு தெருவுக்கு ஓடினான். "செல்வமணி, பைய எறங்கு. ஒரு நிமிஷம் எறங்கிட்டு வா" என்று அவன் சொன்னது எனக்குக் கொல்லையில் கேட்டது.

செல்வமணி வந்தபோது நான் வராந்தாவில் நின்றேன். மாடியில் இருந்து ஷரீபா பீவி, "எக்கா, எண்பத்தொண்ணு" என்றாள். செல்வமணி இடுப்புக் கயிற்றைக் கூட அவிழ்க்காமல் வந்திருந்தான். நான் சொன்னேன். மெயின் தூக்கிக் கிடந்ததை, நான் பார்க்காததை, போடச் சொன்னது நான்தான் என்பதை எல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தையையும் நான் குறைக்கவில்லை.

அவன் கேட்டுக்கொண்டே பெட்டியைத் திறந்து மெயினைக் கீழே இறக்கினான். "சாருக்கு மொதல்ல பாப்போம்" என்றான்.

செந்தூர்பாண்டி முதலில் சொன்ன அதே வயர்தான். ஜெனரேட்டரில் இருந்து தனியாக ஒரே வயர், கொல்லைச் சுவர் வழியாக மாடி ஜன்னலுக்கு, ஜன்னலில் இருந்து மெஷினுக்கு. வீட்டுக் கம்பிகளோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. செல்வமணி ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு கொல்லைக்குப் போய் அவனே கயிற்றை இழுத்தான். மாடியில் மெஷின் ஓடத் தொடங்கியது. நான் இவர் பக்கத்தில் நின்று எண்களைப் பார்த்தேன். எண்பத்தொன்று, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. எண்பத்தாறு வந்ததும் இவர் கண்ணைத் திறந்து, "என்ன சத்தம்?" என்று கேட்டார். நான் அழுதேன். இவருக்காக அழுகிறேன் என்று இவர் நினைத்துக்கொண்டார். பாதிதான் அது.

கீழே வந்தபோது செல்வமணி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். சென்னியப்பன் சுவரோரம் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது அடித்தால் வாங்கிக்கொள்கிற மாதிரி நின்றார்.

"எத்தன இழுப்பு இழுத்தலே?" என்று செல்வமணி செந்தூர்பாண்டியிடம் கேட்டான்.

"ரெண்டு."

"மூணாவது?"

"டீச்சர் பிடிச்சிட்டாவ."

செல்வமணி கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஜம்பர் கம்பிய ரெண்டு கையிலயும் பிடிச்சிட்டு நின்னேன்" என்றான். நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், குடித்தான்.

"காலையில நான் பேசுனது தப்பு" என்றேன். "இதும் தப்பு. என்னைய ரெண்டு வார்த்த வைஞ்சிரு செல்வமணி."

"வைய நேரம் இல்ல டீச்சர். மேல பீங்கான் பாதியில தொங்குது."

எழுந்து மறுபடியும் பெட்டியைத் திறந்தான். உள்ளே கையை விட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினான். வெள்ளைப் பீங்கானில் ஒரு சோப்புக்கட்டி அளவுக்கு இருந்தது. அதை என் கையில் வைத்தான். கயிறு அறுத்த கைதான் அது.

"நாங்க டிரான்ஸ்பார்மர் கட்டையப் பிடுங்கி மடியில வச்சிக்கிட்டுத்தான் ஏறுவோம். அடுத்தவன் கையில குடுக்க மாட்டோம்" என்றான். "உங்க வீட்டுக் கட்டைய நீங்க வச்சிருங்க. நான் எறங்கி வந்து கேக்குத வர ஒருத்தர்ட்டயும் குடுக்காதிய."

அவன் என்னை நம்பிக் கொடுத்தானா, இல்லை எனக்குத் தண்டனையாகக் கொடுத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

சென்னியப்பன் அவனுக்குப் பின்னால் போனார். கேட்டருகே திரும்பி, "அமத்துன்னா அணைக்கறதுங்களாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்கூர்ல அது வேறங்க்கா" என்றார். பிறகு அவர் அடுத்த வீட்டுக்குள் போவதைப் பார்த்தேன். அதற்கு அடுத்த வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் திறந்து, மெயின் கீழே இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

நான் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றேன். ஷரீபா பீவி உள்ளே கூப்பிட்டாள், போகவில்லை. செல்வமணி கம்பத்தில் ஏறினான். கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் கால் எங்கே, கை எங்கே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு நாளாக அவன் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று துடித்தவள், இப்போது அவன் அவசரப்பட்டுவிடக் கூடாதே என்று துடித்தேன். அவன் ஒரு கையை எடுத்து நெற்றியைத் துடைத்தால்கூட நான் கட்டையை இறுக்கிப் பிடித்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவன் இறங்கினான். இறங்கி, எல்லோரும் மெயினைத் தூக்கலாம் என்று தெருவுக்குச் சத்தம் கொடுத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் டிரான்ஸ்பார்மர் இருக்கிற தெருமுனைக்குத் திரும்பி மறைந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு வாசல் பல்பு எரிந்தது. பிறகு பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடத் தொடங்கியது. கோயில் மைக் தானாகக் கரகரத்தது. "வந்துட்டு, வந்துட்டு" என்று தெரு முழுக்கக் கூப்பாடு. இந்தத் தடவை மெய்யாகவே வந்திருந்தது.

என் வீட்டுக்கு மட்டும் கரண்ட் வரவில்லை. "கட்டையக் குடுங்க டீச்சர், நான் போட்டு விடுதேன்" என்று செந்தூர்பாண்டி கை நீட்டினான். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பிள்ளைகளும் பெண்களும் கூடி நின்றார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இடுப்புக் கயிறு தோளில் தொங்க, செல்வமணி வந்தான். நடந்து வந்தான். என் எதிரே வந்து நின்றான்.

"வந்துட்டியா?" என்று கேட்டேன்.

"வந்துட்டேன் டீச்சர்" என்றான்.

கட்டையை அவன் கையில் கொடுத்தேன்.